மூவிதழ் வால்வு

ஏழாம் மேசை மேல் இருந்த இதயத்திலிருந்து மேடம் ஊசியைப் பிடுங்கியதை சீனியர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பார்த்த நேரத்தில் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவள் நின்றது ஆறாம் மேசையில். அங்கே ஒரு சிறுநீரகம் பாதியாகப் பிளந்து கிடந்தது. அதில் ஊசி நிற்கும் இடம் வெளியடுக்கான கார்ட்டெக்ஸா, உள்ளடுக்கான மெடுல்லாவா என்று மண்டை காய்ந்துகொண்டிருந்தது. மணி எந்த நொடியும் அடிக்கலாம். அந்த அவதியில், பக்கத்து மேசையில் யார் எதைப் பிடுங்கினால் நமக்கென்ன?

அந்தப் பரீட்சைக்கு ஸ்பாட்டர் என்று பெயர். செவிலியர் உதவியாளர் படிப்பில் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்டு நடுங்குகிற பெயர். நீளமான கூடம், சுவரோரம் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டு. தட்டில் எலும்போ, ஃபார்மலினில் ஊறிய உறுப்போ இருக்கும். அதில் சிவப்புக் காகிதக் கொடி ஒட்டிய குண்டூசி ஒன்று குத்தியிருக்கும். ஊசி நிற்கும் இடத்தின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்தால் அடுத்த மேசை. ஆளுக்கொரு மேசையில் தொடங்கி ஒரு முழுச் சுற்று வர வேண்டும். விட்ட மேசைக்குத் திரும்பக் கூடாது. தட்டில் இருப்பதை விரல் நுனியால்கூடத் தொடக் கூடாது. தொட்டால் பூஜ்யம். இந்த விதியைப் பரீட்சை தொடங்குவதற்கு முன் கூடத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தவர் மேடம்தான். அந்தத் துறைக்கே தலைவி.

சுற்று முடியப் போகிற சமயத்தில், தேர்வு மையத்தைப் பார்வையிட ஓர் ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மதியச் சாப்பாட்டைப் பற்றிய யோசனை. மேடம் அவரை மேசை மேசையாகக் கூட்டி வந்தார். ஏழாம் மேசையில் நின்ற பெண் எழுதி முடித்துவிட்டு, மரியாதைக்கு ஒதுங்கி, முதுகைக் காட்டி நின்றாள். ஆய்வாளர் தட்டைப் பார்த்து, "இது நிஜ இதயமா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பாடம் முடியாமல் யாரும் தப்ப முடியாது.

"ஆட்டோடது சார். ஆனா உள்ள எல்லாம் நம்மள மாதிரிதான்" என்றார் மேடம். சொல்லும்போதே கை போய் ஊசியைப் பிடுங்கிவிட்டது. வகுப்பில் எப்போதும் அப்படித்தான். மற்ற ஆசிரியர்கள் குச்சி வைத்துக்கொள்வார்கள், பேனா வைத்துக்கொள்வார்கள். மேடத்துக்குக் கையில் கிடைக்கிற கொடி ஊசிதான் குச்சி. "இந்தக் கதவு பாருங்க, ரெண்டு இதழ். ஈரிதழ் வால்வு. அதுவே இந்தப் பக்கம் வாங்க, மூணு இதழ். மூவிதழ்." ஆய்வாளர் "ஓஹோ" என்றார். மேடம் பேச்சு முடிந்த இடத்திலேயே ஊசியைக் குத்திவிட்டு அவரை எட்டாம் மேசைக்கு நகர்த்திப் போனார். பேசி முடித்தவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுவது மாதிரி, அவ்வளவு இயல்பாக. மணி அடித்தது.

சீனியர் ஏழாம் மேசைக்கு வந்தாள். நீளவாக்கில் பிளந்த இதயம். ஒரு பக்கம் தடித்த சுவர், ஒரு பக்கம் மெல்லிய சுவர். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டிய இடப்பக்கத்துக்குத்தான் தடித்த சுவர். பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளும் வலப்பக்கத்துக்கு மெல்லியது போதும். கொடி நின்றது மெல்லிய பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்த கதவில். மூவிதழ் வால்வு. அவள் சந்தோஷமாக எழுதினாள். கீழே ஒரு கோடுகூடப் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அந்த மேசைக்கு வர வேண்டியிருந்தது. அவர்களும் வந்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், மூவிதழ் என்று எழுதினார்கள், போனார்கள்.

சீனியர் என்பது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும், பத்தொன்பது வயதுப் பெண்கள் எல்லாரும் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். அவளும் ஒரு கணம் பின்னால் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். அன்றோடு ஒட்டிக்கொண்டது. நாற்பதை நெருங்கும் வயது, பள்ளிக்கூடம் போகிற மகள், துணிக்கடையில் பில் போட்ட பழைய வேலை. சான்றிதழ் கையில் வந்தால் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளர் இடம் இருக்கிறது என்று அங்கிருந்த தலைமைச் செவிலி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் ஓடியது.

பெயர்கள்தான் அவளைக் கொன்றன. உடம்பில் இவ்வளவு இடங்கள் இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற குழிக்குக்கூட ஒரு பெயர் இருக்கும் என்று யார் கண்டார்கள்? பாப்லிட்டியல்! நாற்பது வருஷமாகக் கூடவே வைத்திருக்கிறோம், பெயர் கேட்டதில்லை. வீட்டில் அவள் சாப்பாட்டுக்கு முன் மகளிடம், "கையோட டிஸ்டல் முனையைக் கழுவிட்டு வா" என்பாள். மகள், "எது, தோள்லேர்ந்து தூரமா இருக்கே, அதுவா?" என்று கேட்டுவிட்டுக் கழுவப் போவாள். மனப்பாடம் ஏறாத நாட்களில், தூங்குகிற கணவன் மேல் பெயர் எழுதிய சீட்டுகளை ஒட்டிப் படித்தாள். அவன் கிரேன் ஓட்டுகிறவன், படுத்தால் மரம். ஒரு நாள் எழுந்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்மண்டையில் 'ஆக்சிபிடல்' என்ற சீட்டோடு வேலைக்குப் போய்விட்டான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் அன்று முழுக்க அது ஒட்டியே இருந்தது. எடுத்துவிடுவதற்குப் பதிலாக எல்லாரும் வாசித்தார்கள். அதிலிருந்து அவனுக்கு அங்கே அதுதான் பெயர். "ஆக்சிபிடல், அந்தத் தூணை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இறக்கு!"

கணவனின் அக்காவுக்கு மட்டும் இந்தப் படிப்பு பிடிக்கவே இல்லை. "இந்த வயசுல இத்தனை பேரும் மண்டையில நிக்குமா உனக்கு? பிட்டு ஒளிக்கிற மாதிரி நல்ல அகலமான கை வச்ச சட்டையாத் தச்சுக்கோ" என்று ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் நடுவில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆக்சிபிடலும் சிரித்தான். சீனியரும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

மதிப்பெண் போட்டு முடித்த மறுநாள், ஐந்து பேரை மட்டும் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரிக்குள் ஒரு முதுகெலும்பு தொங்கியது. அதற்குக் கீழே மேடம் உட்கார்ந்திருந்தார். ஐந்து பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அதில் ஒருத்திக்கு 'பஞ்சு' என்று பெயர். ஃபார்மலின் வாடை தாங்காமல் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறவள்.

"ஏழாம் மேசை. ஈரிதழ் வால்வு. மத்த எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க. நீங்க அஞ்சு பேரும் மூவிதழ்னு எழுதியிருக்கீங்க. தப்பு பண்றவங்க ஆளுக்கொரு தப்பு பண்ணுவாங்க. ஒருத்தி மகாதமனிம்பா, ஒருத்தி காலியா விட்டிருப்பா. அடுத்தடுத்து நின்ன அஞ்சு பேருக்கும் ஒரே தப்பு வந்தா என்ன அர்த்தம்?"

பஞ்சு தரையைப் பார்த்தாள். மற்றவர்கள் பஞ்சுவைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஊசியை ஒரே இடத்துல பார்த்தோம்னு அர்த்தம் மேடம்" என்றாள் சீனியர்.

"என்ன?"

"ஆய்வாளர் சாருக்குக் காட்டறப்போ நீங்க ஊசியை எடுத்தீங்க. திரும்பக் குத்தறப்போ இடம் மாறிடுச்சு. நான் பக்கத்து மேசையில நின்னேன் மேடம். பார்த்தேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். மிக மெதுவாக வைத்தார். "நான் எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறேன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு ஈரிதழுக்கும் மூவிதழுக்கும் வித்தியாசம் தெரியாதுங்கறே?"

"அய்யோ, தெரியாதுன்னு சொல்லலை மேடம். மூவிதழைப் பத்திப் பேசிக்கிட்டே மூவிதழ்லயே சரியாத்தான் குத்தினீங்க. எழுதினதும் சரியாத்தான் எழுதினோம்."

பதில் இல்லாதபோது பெரியவர்கள் விதியை எடுப்பார்கள். மேடமும் எடுத்தார். பார்த்து எழுதினால் முழுப் பரீட்சையும் ரத்து, ஒரு வருஷம் தள்ளி மறுபடி எழுத வேண்டும், அதுதான் விதி. ஆனால் தனக்கும் மனசு இருக்கிறது. நாளைக்கு வகுப்பு முன்னால் ஐந்து பேரும் வந்து நின்று, பார்த்து எழுதினோம், மன்னித்துவிடுங்கள் என்று வாயால் சொன்னால் போதும். கருணை மதிப்பெண் போட்டு எல்லாரையும் தேர்ச்சி ஆக்கிவிடலாம். "பெண் பிள்ளைங்க வாழ்க்கை. நான் கெடுக்க மாட்டேன்" என்றார். எப்பேர்ப்பட்ட தயாளம்!

நாலு பேரை அனுப்பிவிட்டு சீனியரை மட்டும் நிறுத்தினார். கதவைச் சாத்தச் சொன்னார். குரல் இறங்கி, வேறு ஆளாக மாறியது.

"இங்க பாரும்மா. அந்தச் சின்னப் பொண்ணுங்களை விடு. நீ குடும்பஸ்தி, புரிஞ்சுப்பே. அப்படியே நான் மாத்திக் குத்தினேன்னே வச்சுக்கோ. என்ன பண்ணலாம்? பரீட்சையில தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தா எல்லாரோடதும் ரத்து. மையத்துக்கே அங்கீகாரம் போகும். அந்த ஆய்வாளர் வேற வந்து நின்ன நேரம். அதுக்கு அஞ்சு பேர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா யாருக்கும் நஷ்டமில்லை. மார்க்கும் வந்துடும். வாய் வார்த்தைதானேம்மா?"

அப்படியென்றால் மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது அவளுக்குள் முழுசாக இறங்கியது. மறந்துபோய்ச் சொல்லவில்லை. வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லை, அப்படியும் இல்லை. தன் விரல்தான் குத்தியது என்று தெரிந்தே, அந்த விரலை நீட்டித் திருடி என்கிறார். அதிலும் நஷ்டமில்லையாம்! யாருக்கு நஷ்டமில்லை? மாடிப்படியில் நின்று அவள் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயந்தால் விரல் சில்லிடும் என்று உடலியங்கியல் பாடத்தில் வந்தது. அவள் விரல் கொதித்தது.

தட்டுகளை எடுத்து வைக்கிற அட்டெண்டர் நடைபாதையில் வாளியோடு வந்தார். பரீட்சை அன்று முழுக்கக் கூடத்தின் மூலையில் நின்றவர். அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு மேடம் ஊசியை எடுத்தாங்களா இல்லையா? நீங்களும் பார்த்தீங்கதானே?"

"அவங்க எப்பதாம்மா எடுக்கலை?" என்றவர், சொன்ன பிறகு சுற்றிலும் பார்த்தார். "நான் எதையும் பார்க்கலை. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. என்னைச் சாட்சிக்கு இழுத்துடாதே தாயே."

வாளி தளும்பத் தளும்ப அவர் நடந்த வேகத்தைப் பார்த்தால், வாளிக்குள் தீ இருப்பது போல இருந்தது.

சாயங்காலம் ஆக்சிபிடல் வேலையிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மகள் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சீனியர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, ஆய்வாளர், ஒரே தப்பு, மன்னிப்பு, வாய் வார்த்தை, எல்லாம். அவன் முழுக்கக் கேட்டான். நடுவில் குறுக்கிடவே இல்லை. அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசியில் ஒரு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டான்:

"பார்த்து எழுதினியா?"

மகளின் பேனா நின்றது.

"இல்லை, கேட்டேன். எழுதியிருந்தாலும் பரவால்லைன்னுதான் கேட்டேன். யாரு எழுதலை? சொல்லிட்டு வந்துடு. வேலை முக்கியமா, இது முக்கியமா?"

கோபம் என்றால் சத்தம் வரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வரவில்லை. அவனுடைய பின்மண்டையைப் பார்த்தாள். எத்தனை இரவு அந்த மண்டையைச் சுற்றி உட்கார்ந்து படித்தாள்! ஃப்ரான்டல், பரைட்டல், டெம்பரல், ஆக்சிபிடல் என்று விரலை வைத்து வைத்து ஒப்பித்தாள். அவன் உடம்பில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத இடம் ஒன்றுகூட இல்லை. அவனுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். விசேஷ வீட்டில் சிரித்தது வேடிக்கைக்கு இல்லை. அவன் அதை நம்பித்தான் சிரித்திருக்கிறான். நாளைக்கு அவள் வகுப்பு முன்னால் நின்று அந்த வாய் வார்த்தையைச் சொன்னால், மேடத்துக்கு நஷ்டமில்லை, மையத்துக்கு நஷ்டமில்லை, இவனுக்கும் இல்லை. இவன் அக்காவுக்கு லாபம்.

"அப்பா, அம்மா பார்த்து எழுதற ஆளா?" என்றாள் மகள்.

"நீ எழுது" என்றான் அவன்.

"நீங்க அம்மாகிட்ட ஸாரி சொல்லுங்க."

"ஆமா, ஊர்ல எல்லாரும் ஸாரி கேட்டுக்கிட்டேதான் இருக்கோம் இன்னிக்கு" என்று அவன் அடுத்த பூட்ஸைக் கழற்றினான். சீனியர் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு யாரையும் டிஸ்டல் முனையைக் கழுவிட்டு வரச் சொல்லவில்லை.

மறுநாள் அதே கூடம். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஸ்டூல்கள் போட்டிருந்தார்கள். போன்கள் வழக்கம்போல வாசலில் இருந்த கூடையில். முன்னால் ஒற்றை மேசை, அதன் மேல் ஏழாம் மேசைத் தட்டு. மேடம் அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எதில் தப்பு செய்தார்கள் என்று வகுப்புக்குத் தெரிய வேண்டுமாம். இதயம் தட்டில் கிடந்தது. இந்த முறை கொடி, விடைக்குறிப்பு சொல்கிறபடி, தடித்த சுவர்ப் பக்கம், ஈரிதழில் நின்றது. யார் எப்போது மாற்றினார்களோ!

நேர்மையைப் பற்றி மேடம் கொஞ்ச நேரம் பேசினார். நோயாளி நம்மை நம்பி உடம்பைக் கொடுக்கிறான், அவனிடம் பொய் சொல்கிறவள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்றார். எல்லாம் உண்மை. கேட்கக் கேட்க சீனியருக்குக் காது சுட்டது. பஞ்சுவை முதலில் கூப்பிட்டார். அவள் எழுந்து போய் நின்று, "பார்த்து எழுதினோம். மன்னிச்சிடுங்க" என்றாள். பாதி வார்த்தை மூக்குக்குள் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சத்தமா" என்றார் மேடம். பஞ்சு சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் தோள்கள் குலுங்கின. அடுத்தவள் போனாள், சொன்னாள், வந்தாள்.

"அடுத்து?"

சீனியர் எழுந்தாள். சொல்லப் போவதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதற்குப் பதில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முன்னால் போய் மேசைக்கு அருகில் நின்றாள். இவ்வளவு பக்கத்தில் அந்த இதயத்தை மறுபடி பார்த்ததும், ஒரு கேள்வி தானாக வாயில் வந்தது.

"மேடம், சொல்றதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எங்களுக்கு ரெண்டு வால்வுக்கும் இன்னும் குழப்பமா இருக்கு. முதல்ல ஈரிதழ் எப்படி இருக்கும், அதுலேர்ந்து மூவிதழ் எப்படி வேற, ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா இனிமே மறக்காது."

மேடம் அவளைப் பார்த்தார். பணிந்து வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது. உண்மையைச் சொன்னால், அவர் நல்ல ஆசிரியை. கேள்வி கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "இது கூடத் தெரியாமதான் பரீட்சைக்கு வந்தீங்களா? எல்லாரும் கிட்ட வாங்க" என்றார். ஸ்டூல்கள் கிறீச்சிட்டன. வகுப்பு மொத்தமும் மேசையைச் சுற்றிக் கூடியது.

"இந்தத் தடிச்ச சுவரைப் பாருங்க. இடது கீழறை. இதுக்கு மேல இருக்கிற கதவு..." கை போனது. இரண்டு விரல் ஊசியைப் பிடித்தது. பிடுங்கியது. "...ரெண்டு இதழ். நல்ல தடிமன். ஏன்னா இந்தப் பக்கம் அழுத்தம் அதிகம். இந்த நூல் மாதிரி இருக்கே, இதுதான் இதழை இழுத்துப் பிடிக்கிற நாண். அறுந்தா கதவு பின்பக்கமாத் திறந்துடும். சரியா? இப்ப இந்தப் பக்கம் வாங்க. சுவர் எவ்வளவு மெலிசு பார்த்தீங்களா? இங்க மூணு இதழ். ஒண்ணு, ரெண்டு, மூணாவது பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. மூவிதழ். இனிமே மறப்பீங்களா?"

மறக்க மாட்டோம் மேடம் என்று வகுப்பு வழக்கமாக ஒரே குரலில் சொல்லும். சொல்லவில்லை.

ஊசி மெல்லிய சுவர்ப் பக்கம் நின்றது. மேடம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முழுவதும் அந்தச் சின்னச் சிவப்புக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் மேடத்தின் கையைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஏழாம் மேசையில் முதுகு காட்டி நின்ற பெண், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன? என்ன எல்லாரும்?" என்றார் மேடம்.

"ஊசியைப் பாருங்க மேடம்" என்றாள் சீனியர்.

மேடம் பார்த்தார். ஒரு நல்ல ஆசிரியைக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது என்பது கழுத்தில் தெரிந்தது. கழுத்து நரம்பு ஒன்று எழும்பி, துடித்து, அடங்கியது. அந்த நொடியில் அவர் 'அட' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஐந்து பேரும் மன்னித்திருப்பார்கள். சீனியரே முதலில் சிரித்திருப்பாள். சத்தியமாகச் சிரித்திருப்பாள்.

"இது வகுப்பு. அது பரீட்சை" என்றார் மேடம். "இதையும் அதையும் முடிச்சுப் போட்டு என்னை மடக்கப் பார்க்கறியா? உன் வயசுக்கு வெட்கமா இல்லை? மன்னிப்புக் கேட்கறியா, இல்லையா?"

"கேட்க மாட்டேன் மேடம். நான் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்த்து எழுதலை."

"அப்ப ஒரு வருஷம் வீட்ல உட்காரு. முதல்வர்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்லுங்க. அவரை இங்கயே கூட்டிட்டு வாங்க. இந்தத் தட்டைப் பார்க்கட்டும்."

மேடத்தின் கை தட்டுப் பக்கம் நகர்ந்தது. பாதியில் நின்றது. இத்தனை பேர் கண் முன்னால் இப்போது அந்த ஊசியை எடுப்பது என்பது வேறு விஷயம். எடுக்கவில்லை. துண்டை மேசை மேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். செருப்புச் சத்தம் நடைபாதை முழுக்க நீண்டு, படியில் இறங்கி, தேய்ந்தது.

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கூடையிலிருந்து போனை எடுத்துப் படம் பிடிக்கலாம் என்றாள் ஒருத்தி. கூடத்துக்குள் போன் எடுத்தால் அதற்குத் தனியாக ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்து அதே வேகத்தில் அடங்கியது. அடுத்த வகுப்பு மணி அடித்தது. சிலர் பையை எடுத்துக்கொண்டு, சீனியரின் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவர்களுடைய ஈரிதழ் அவர்களைக் காப்பாற்றியிருந்தது, அதை ஏன் உரசிப் பார்க்க வேண்டும்? முதுகு காட்டி நின்ற பெண் வாசல் வரை போய், நின்று, யோசித்து, அவளும் போய்விட்டாள்.

அட்டெண்டர் வாளியோடு வந்தார். மேசைகளைத் துடைத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே முன்மேசைக்கு வந்து, பழக்கத்தில் தட்டைத் தூக்கக் கை நீட்டினார்.

"அண்ணே, தொடாதீங்க" என்றாள் சீனியர்.

"எடுத்து வைக்கணும்மா. காத்துல கிடந்தா காய்ஞ்சு போயிடும்."

"காயட்டும். குத்தினவங்களே வந்து எடுக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கொடி நிற்கிற இடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் தட்டு தூக்கினவர். வாளியிலிருந்து ஒரு துணியை நனைத்து, பிழிந்து, ஊசியில் படாமல், இதயத்தின் ஓரங்களைச் சுற்றி ஈரமாகப் போர்த்திவிட்டு நகர்ந்தார்.

சீனியர் ஒரு ஸ்டூலை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்டூல் கிறீச்சிட்டது. பஞ்சு. அழுது வீங்கிய முகம்.

"நான் சொல்லிட்டேனே அக்கா" என்றாள். வகுப்பில் யாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"சொன்னா என்ன? உட்காரு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை. யார் யார் என்று தெரியவில்லை. ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது. சத்தம் நடைபாதைக்கு ஏறி வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. நடுவில், ஈரத்துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அந்த மெல்லிய சுவரின் மேல், சிவப்புக் காகிதக் கொடி விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.